தங்கராஜு வாங்கிய பதினாறு ஜிபி கார்டு

பாலோ என்கிற சிற்றூரில் விடிகாலை ஐந்தரை மணிக்கு எந்த வீட்டு நாய் குரைத்தாலும், அது தங்கராஜுவின் பஸ்ஸைப் பார்த்துத்தான் குரைக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நீலமும் வெள்ளையுமாக ஒரு கிழட்டு பஸ். பக்கத்து டவுனான குளுவாங்கில் உள்ள பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி. காலையில் நாற்பது பேரைக் கொண்டுபோய் இறக்கி, சாயங்காலம் அதே நாற்பது பேரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை அவர் பத்தொன்பது வருடமாகச் செய்துவருகிறார். இதுவரை ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பெருமை உண்டு.

இப்படி ஆறு நாளும் வண்டி ஓட்டுகிற மனிதர், ஏழாவது நாள் கிடைக்கிற ஓய்வில் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லோரி ஓட்டுவார்.

மகள் ஷாமளா சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர் அது. அவள் அதில் வாளெடுத்துச் சண்டை போடுவாள், அரக்கர்களைச் சுடுவாள். தங்கராஜு எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று போய்விடுவார். ஒரு தீபாவளிக்கு வந்தவள், "பா, உங்களுக்குன்னே ஒரு கேம் இருக்கு" என்று லோரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றி, மேசையில் மாட்டுகிற ஸ்டியரிங் ஒன்றையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. பனி கொட்டுகிற மலைப்பாதையில், பதினெட்டுச் சக்கர வண்டியில், எவனோ ஒரு வெள்ளைக்காரனுக்கு மரக்கட்டை ஏற்றிக்கொண்டு மணிக்கணக்காகப் போவார். உருண்டு விழுந்தாலும் ஒருத்தருக்கும் சேதம் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் லோரி மறுபடியும் எழுந்து நிற்கும். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு நிம்மதியை எந்த ரோட்டிலும் அவர் கண்டதில்லை.

"ஆறு நாளு காசுக்கு ஓட்டுறீங்க, ஏழாவது நாளு ஓசியில ஓட்டுறீங்க," என்பாள் மனைவி தனலெட்சுமி. வீட்டில் அவள் பேசுவதே அவ்வளவுதான். நாலு வார்த்தைக்குமேல் பேசினால் வாய் வலிக்கும் என்கிற ரகம். அவளும் அதே பிளாஸ்டிக் தொழிற்சாலையில்தான் பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறாள். அதனால் புருஷன் ஓட்டுகிற பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கவாட்டில் இருக்கிற முன் சீட்டில் உட்கார்ந்து தினமும் போய் வருகிறாள்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் ஊமையாக இருக்கிறவள் பஸ்ஸில் ஏறிவிட்டால் வாயை மூடுவதே இல்லை. முன்பெல்லாம் அப்படி இல்லை. ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். போன தைப்பூசத்துக்குப் பிறகுதான் இந்தப் பழக்கம் வந்தது. "அந்தா பாருங்க, முன்னாடி செம்பனைக் குலை ஏத்துன லோரிக்காரன் பிரேக்கு போடுறான், அவனுக்கு என்ன வந்துச்சோ." "மோட்டார் சைக்கிள்ல ஒரு அம்மா ஓரமா போறாங்க, பாவம், பின்னால லைட்டே இல்ல." "இந்த முக்குல ரோட்டுல தண்ணி நிக்கிது, போன வாரமும் நின்னுச்சு." இப்படிக் குளுவாங் வரைக்கும் ஓயாது. பின்னால் தூங்கிக்கொண்டு வருகிற பெண்கள் அவளுக்குத் தனம் ரேடியோ என்று பேர் வைத்திருந்தார்கள். தங்கராஜுவுக்கு அது மானக்கேடாக இருந்தது. "வீட்டுல பேசாததெல்லாம் சேத்து வச்சு இங்க வந்து கொட்டுவியா?" என்று ஒருநாள் கடிந்துகொண்டார். அவள், "சிவப்பு விழுந்திருச்சு பாருங்க," என்று அதற்கும் ரோட்டைப் பார்த்தே பதில் சொன்னாள்.

இனி கார்டு கதைக்கு வருவோம்.

லோரி விளையாட்டில் திருப்பங்களுக்கு முன்னால் பச்சைப் பலகை வரும். எந்த ஊருக்கு எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கும். அந்த எழுத்துகள் கொஞ்ச நாளாகத் தங்கராஜுவுக்குப் பிடிபடவில்லை. பலகை தலைக்குமேல் வந்து, தாண்டிப்போகிற நேரத்தில்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும். அதற்குள் திருப்பம் பின்னால் போயிருக்கும். மகளுக்குப் போன் போட்டார்.

"ஷாமா, திரை மங்கலா இருக்குடி. எழுத்தெல்லாம் மாவு கரைச்ச மாதிரி இருக்கு."

"அது பழைய கார்டு பா, ஆறு ஜிபிதான். மானிட்டரும் வெறும் ஃபுல் எச்டி. ரெசலூஷன ஏத்துனா தூரத்துல இருக்கிற எழுத்து கிளியரா தெரியும். ஆனா அதுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேணும். இந்தக் கார்டு தாங்காது."

பிள்ளை சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. படத்தில் புள்ளிகள் கூடினால் எழுத்து தெளியும்; கூடுகிற புள்ளிகளை வரைந்து தள்ளக் கார்டுக்குத் தெம்பு வேண்டும். ஆனால் தங்கராஜு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்ட விதம் இருக்கிறதே, ஆற்றில் போகிறவன் துரும்பைப் பிடித்துக்கொண்ட மாதிரி. ஏனென்றால் மாவு கரைத்த மாதிரி இருந்தது திரையில் வருகிற பலகை மட்டும் இல்லை. பாலோ ரோட்டில் நிற்கிற பலகையும் அப்படித்தான் இருந்தது. எதிரே வருகிற காரின் விளக்குக்குத் தாடி முளைத்தது. பனிமூட்டம் உள்ள விடியலில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்ச் சேர்வது அவருக்கு வழக்கமாகிவிட்டது. பாசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் மூன்று மூக்குக்கண்ணாடி வாங்கிப் பார்த்தார். மூன்றும் மேசை டிராயரில் கிடக்கின்றன.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தங்கராஜு கார்டு கோணல் என்றார்.

அவர் முட்டாள் இல்லை. கண்ணில்தான் கோளாறு என்பது அவருக்கு அடிமனதில் தெரியும். ஆனால் டாக்டரிடம் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அர்ச்சுனன் பண்டார் தெங்காராவில் இருக்கிறார். சர்க்கரை வியாதிக்காரர். கண் மங்குகிறது என்று பரிசோதனைக்குப் போனார். காலம் கடந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். போன முறை பார்க்கப் போனபோது, தம்பி செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே, "ராஜுவா? வா," என்றார். அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் தங்கராஜு ஒவ்வொரு கடைப் பலகையையும் படிக்கப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கும் சர்க்கரை உண்டு.

லைசன்சு வேறு இருக்கிறது. பஸ் ஓட்டுகிற லைசன்சைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்துப் போட்ட பாரம் வேண்டும். போன முறை கிளினிக்கில் வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவன் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் படித்தான். அவனுக்கு முன்னால் நின்றவனும் படித்தான். தங்கராஜு கடைசி இரண்டு வரியையும் காதால் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய், தடுமாறாமல் ஒப்பித்துவிட்டு வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த சாமர்த்தியம்! வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் கணக்குப் பார்த்தார். நாற்பது பேர். அந்த நாற்பதில் ஒருத்தி தன் மனைவி. ஓட்டினால் இவர்கள் உயிர். நிறுத்தினால் ஐம்பத்திரண்டு வயதில் தனக்கு வேறு என்ன தொழில் தெரியும்? இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள். இந்தப் பக்கம் ஓடினாலும் சுடும், அந்தப் பக்கம் ஓடினாலும் சுடும்.

அந்த எறும்புக்குக் கிடைத்த பொந்துதான் கிராபிக்ஸ் கார்டு. தங்கராஜு தனக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார். நல்ல கார்டு போட்டு, பெரிய ரெசலூஷனில் அந்தப் பச்சைப் பலகை தெளிவாகத் தெரிந்துவிட்டால், குற்றம் திரையில், கண்ணில் இல்லை. தெரியாவிட்டால்? அதை யோசிக்காமல் இருப்பதற்கு ஒரு வழி இருந்தது. கார்டை வாங்காமல், தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பது.

நாலு மாதம் தேர்ந்தெடுத்தார். காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் சாயங்காலம்வரை குளுவாங்கில் அவருக்குச் சும்மா இருக்கும் நேரம்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ரூபேந்திரன் என்பவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். முப்பது முப்பத்தைந்து வயது, நல்ல பொறுமைசாலி. தங்கராஜு அங்கே போய் உட்கார்ந்துகொண்டு பெண் பார்க்க வந்தவர் மாதிரி விசாரிப்பார்.

"எட்டு ஜிபி எடுத்தா என்ன, பதினாறு எடுத்தா என்ன, தம்பி?"

"நீங்க டூ-கேல விளையாடுனா எட்டு ஜிபி சமாளிக்கும் அண்ணே. ஃபோர்-கே போகணும்னா மூச்சு முட்டும். இப்ப வர்ற கேமெல்லாம் ரொம்ப சாப்பிடுது."

"லோரி கேமுக்கு?"

"லோரி கேமுக்குக் கண்ணாடிதான் பிரச்சினை. சைடு கண்ணாடியில தெரியிற ரோட்டையும் அது தனியா வரையணும்லா. அதனால பதினாறு நல்லது. ஆனா ஒண்ணு, உங்க பவர் சப்ளை ஐநூறு வாட்டுதான், அதையும் மாத்தணும். கார்டு முப்பத்தொரு சென்டிமீட்டர் நீளம். உங்க பெட்டிக்குள்ள போகுமா? அளந்து பாத்துட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து தையல் டேப்பை எடுத்துப் பெட்டியை அளந்தார். டேப்பில் இருந்த எண் தெரியவில்லை. விரலால் சாண் போட்டு அளந்து, மறுநாள் போய், "இருபத்தொம்பதுதான் இருக்கும் போல," என்றார். ரூபேந்திரன், ஹார்டு டிஸ்க் மாட்டுகிற கூட்டைக் கழற்றினால் இடம் வரும் என்றார். பிறகு ஒரு வாரம் அந்தக் கூட்டைக் கழற்றலாமா கூடாதா என்பதில் போயிற்று. பழைய கார்டு ஒன்று பாதி விலைக்கு வந்தது, அதை வாங்கலாமா என்று ஒரு வாரம். புது வரிசைக் கார்டுகள் வரப்போகின்றன, பொறுக்கலாமா என்று இன்னொரு வாரம். இவர் கேட்ட கேள்விகளுக்கு ரூபேந்திரன் இடத்தில் வேறு யாராவது இருந்தால் கடையை மூடிவிட்டுக் காய்கறி விற்கப் போயிருப்பார்கள்.

ஒருநாள் ரூபேந்திரன் அவரைக் கடைக்குள் அழைத்துப்போய் இரண்டு திரைகளுக்கு முன்னால் நிறுத்தினார். ஒரே படம் இரண்டிலும் ஓடியது: ஒரு மலை, ஒரு ஏரி, ஏரிக்கரையில் ஏதோ மரம்.

"இது ஃபுல் எச்டி, இது ஃபோர்-கே. சும்மா பாருங்க அண்ணே. வித்தியாசத்த நான் சொல்லவே வேணாம், உங்களுக்கே தெரியும்."

தங்கராஜு பார்த்தார். இடது பக்கம் ஒரு மலை மங்கலாக இருந்தது. வலது பக்கம் அதே மலை, அதே மங்கல். ஒரு எட்டு முன்னால் வைத்தார். பின்னால் வைத்தார். கண்ணைச் சுருக்கினார். எது ஃபோர்-கே என்று ரூபேந்திரன் கை காட்டினாரோ அதுவே மறந்துவிட்டது. கடைக்குள் ஏர்கோன் ஓடியும் முதுகில் வேர்வை இறங்கியது. திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரூபேந்திரனின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பிள்ளை எந்தத் திரையைப் பார்த்துப் பெருமையாகச் சிரிக்கிறான் என்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு, அந்தப் பக்கமாகத் தலையை ஆட்டினார்.

"அலாமாக்! எவ்வளவு வித்தியாசம் தம்பி," என்றார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் தனலெட்சுமி மழையைப் பற்றியும், மழையில் குடை பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிற மூன்று பேரைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். தங்கராஜு வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்திய பிறகும் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த உலகத்தில் தன்னைப் போல் மாட்டிக்கொண்டவன் ஒருவனும் இருக்க முடியாது என்று தோன்றியது.

கடைசியில் சாமியிடம் போனார்.

செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. லோரிக்காரர்களும் பஸ்காரர்களும் வண்டியை நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போகிற இடம். பெண்ணுக்கு வரன் பார்த்தாலும், வீடு வாங்குவதானாலும், ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்பதானாலும், அங்கே வந்து பூக் கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தால் சாமியின் உத்தரவு தெரிந்துவிடும். தங்கராஜு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார்.

கோயிலில் பூக் கட்டித் தருகிற செல்லம் அக்கா, "என்னா விஷயம், ஷாமளாவுக்கு மாப்பிள்ளையா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. கம்ப்யூட்டருக்கு ஒரு சாமான். வெள்ளை வந்தா எட்டு ஜிபி, சிவப்பு வந்தா பதினாறு."

செல்லம் அக்கா இருபது வருடமாகப் பூக் கட்டுகிறவள். பிரிந்துபோன புருஷன் வருவானா என்று கேட்டவர்களையும், நாலு நம்பர் லாட்டரி விழுமா என்று கேட்டவர்களையும் பார்த்தவள். ஜிபி கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான். அவள் தனலெட்சுமியைப் பார்த்தாள். தனலெட்சுமி முனியாண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

கற்பூரம் காட்டியதும் தங்கராஜு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி. பதினாறு ஜிபி. சாமியே சொல்லிவிட்ட பிறகு தள்ளிப்போட முடியாது. நாலு மாதமாக அவர் ஒளிந்திருந்த பொந்து அந்த நிமிடத்தில் அடைபட்டது. பிரசாதத் திருநீற்றைப் பூசிக்கொண்டு வெளியே வந்தபோது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை; பயம்தான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரூபேந்திரன் எல்லாவற்றையும் வண்டியில் கொண்டுவந்தார். செங்கல் கனத்தில் கார்டு, புது பவர் சப்ளை, முப்பத்திரண்டு அங்குல ஃபோர்-கே மானிட்டர். கூட்டைக் கழற்றி, கார்டை உள்ளே சாய்த்து நுழைத்து, எல்லாவற்றையும் மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திரை ஒளிர்ந்ததும் ரூபேந்திரன் விசில் அடித்தார்.

"ஊசியில நூலு கோக்கலாம் போல இருக்கு அண்ணே! லோரி பம்பர்ல ஒட்டியிருக்கிற தூசிகூட தெரியுது."

"ஆமா தம்பி," என்றார் தங்கராஜு.

ரூபேந்திரன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். தங்கராஜு உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். பின்னால் கட்டிலில் தனலெட்சுமி துணி மடித்துக்கொண்டிருந்தாள். லோரி கிளம்பியது. பனி கொட்டியது. படம் பெரிதாக இருந்தது, வெளிச்சமாக இருந்தது, சக்கரம் வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. கார்டின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகைக்காகக் காத்திருந்தார். இவ்வளவு நாளில் அந்த விளையாட்டில் அவருக்கு இப்படி நெஞ்சு அடித்ததில்லை.

பலகை வந்தது. பச்சையாக வந்தது. பெரிய பச்சை. அதன்மேல் வெள்ளையாக மாவு கரைத்திருந்தது.

அவர் முன்னால் சாய்ந்தார். மூக்கு திரையில் இடிக்கிற தூரத்துக்குப் போனார். டிராயரைத் திறந்து மூன்று கண்ணாடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டார். லோரி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இனிப் பழி போட ஒரு சாமானும் மிச்சம் இல்லை. மானிட்டர் புதுசு, பவர் புதுசு, கார்டு சாமி கொடுத்தது. பழசாக இருந்தது அவர் மட்டும்தான்.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"முன்னாடி ஒரு சிவப்பு காரு பிரேக்கு போடுறான் பாருங்க."

தங்கராஜுவின் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது.

"பலகையில லெஃப்டுக்கு அம்பு போட்டிருக்கு. ரெண்டாவது முக்கு. வலது பக்கம் ஒருத்தன் வேகமா வர்றான், அவன விட்டுட்டுப் போங்க."

அதே குரல். அதே இழுப்பு. பின் சீட்டுப் பெண்கள் ரேடியோ என்று சிரிக்கிற அதே பேச்சு. தங்கராஜு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். லோரி ஓரத்துக் கம்பியில் போய் இடித்து நின்றது. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"எத்தன நாளா தெரியும்?"

"போன தைப்பூசத்துலேர்ந்து. ரோட்டுல ஆளு நடந்து போயிக்கிட்டு இருந்தாங்க, நீங்க லைட்டு கம்பம்னு நெனச்சீங்க. நான் கத்துனேன்ல, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. தூக்கத்தில் கத்தினாள் என்று அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏன் தனம் சொல்லல?"

அவள் மடித்த துணியை மறுபடியும் பிரித்து மடித்தாள். "சொன்னா நிப்பாட்டணும். நிப்பாட்டுனா வீட்டுல உக்காந்துருவீங்க, உங்க அண்ணன் மாதிரி. எனக்கும் பயமாத்தாங்க இருந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கலாம்னு நெனச்சேன். ஒரு நாளு லீவு போடல. காய்ச்சலுன்னாலும் வந்தேன்."

பத்தொன்பது வருடம் ஒரு கோழியைக்கூட அடிக்காத பெருமை அவருக்கு அந்த இடத்திலேயே உதிர்ந்தது. போன தைப்பூசத்திலிருந்து பஸ்ஸை ஓட்டியது அவர் இல்லை. அவமானமும் அன்பும் ஒன்றாக வந்தன. கூடவே கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"சாமி கார்டு வாங்கச் சொல்லுச்சே," என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"நீங்க கார்டப் பத்தித்தானே கேட்டீங்க? சாமி கேட்டதுக்குத்தான் பதில் சொல்லும்."

தங்கராஜு கம்ப்யூட்டரை அணைத்தார். பிறகு, மாட்டிக்கொண்ட மனிதர்கள் எல்லோரும் சொல்வதையே அவரும் சொன்னார். "நாளைக்கு ஒரு நாளு ஓட்டிடுறேன். திடீர்னு நிப்பாட்டுனா ஆளுங்க எப்படி வேலைக்குப் போவாங்க? செவ்வாய்க்கிழமை கண்டிப்பா கிளினிக் போறேன்."

தனலெட்சுமி மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கப் போனாள்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு நாய்கள் குரைத்தன. இன்னும் விடியவில்லை, ரோட்டில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. தனலெட்சுமி வழக்கம்போல் குளித்து, யூனிஃபார்ம் போட்டு, சாப்பாட்டுப் பையோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். தங்கராஜுவுக்கு உயிர் வந்தது. வந்துவிட்டாள், இன்னும் ஒரு நாள் ஓட்டிவிடலாம். பஸ் வரிசை வீடுகளைத் தாண்டி மெதுவாக ஊர்ந்து, பெரிய ரோட்டில் ஏறுகிற சந்திப்புக்கு வந்து நின்றது. இங்கேயிருந்து வலது பக்கம் திரும்பினால்தான் முதல் ஆட்களை ஏற்றுகிற இடம்.

அவர் காத்திருந்தார். தினமும் இந்த இடத்தில்தான் அவள் முதல் வார்த்தையைத் தொடங்குவாள்.

தனலெட்சுமி பேசவில்லை.

தங்கராஜு வலது பக்கம் பார்த்தார். பனிக்குள் ஒரு வெளிச்சம் தாடியோடு நின்றது. வருகிறதா, நிற்கிறதா? லோரியா, மோட்டாரா? இடது பக்கம் பார்த்தார். கறுப்பு. கறுப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்திருந்தாள். பேசாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அவருக்குக்கூடத் தெரிந்தது.

"தனம்."

பதில் இல்லை.

"தனம், வலது பக்கம் என்னா வருது?"

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வாய் திறக்கவில்லை.

அவர் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார். பஸ் ஒரு சாண் நகர்ந்தது. மறுபடியும் அழுத்தினார். அந்த வெளிச்சம் அப்படியே நின்றது, அல்லது வந்துகொண்டே இருந்தது. ஆட்கள் அங்கே ரோட்டோரத்தில் இவருக்காகக் காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் போயிருக்கும். தங்கராஜுவால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். சாவியைத் திருப்பினார். பஸ் ஒருமுறை குலுங்கி ஓய்ந்தது.

போனை எடுத்து, பஸ் கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஹேமநாதனை அழைத்தார்.

"ஹேமா, பாலோவுக்கு வேற டிரைவர அனுப்புப்பா. எனக்குக் கண்ணு தெரியல."

அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுமுனையில் ஹேமநாதன் பதறிக்கொண்டு, "இன்னிக்கி மட்டுமா அண்ணே?" என்று கேட்டான்.

"இன்னிக்கி மட்டும் இல்ல."

போனை அணைத்துவிட்டுச் சாவியை உருவி மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். முந்தானை இல்லாத யூனிஃபார்மின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வலது பக்கம் ஒருமுறை, இடது பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, தினமும் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"அது வண்டி இல்லீங்க. புதுசா ஒரு அம்மா நாசி லெமாக் சாப்பாட்டுக் கடை போட்டிருக்காங்க, அந்த லைட்டு. ரெண்டு பக்கமும் ஒண்ணும் வரல. நாம வந்ததுலேர்ந்து ரோடு காலியாத்தான் கிடக்குது."